சிறுதுளி நீரும் துணிக்கைகளின் ஓட்டமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், பத்தாம் வகுப்பிற் பரப்பிழுவிசை பற்றிய பாடத்தை முடித்துக்கொண்டு, மெல்லிய கண்ணாடிக் குழாய்களை மாணவர் கையிற் கொடுத்து, நீர் அவற்றினுள் தானாக ஏறும் விந்தையைக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், காய்ந்த மணலைக் குவித்தாற் சரிந்துவிடுகிறது. ஈரமணலிற் கோட்டை கட்டலாம். அதே மணலை வாளி நிறைந்த நீரிற் போட்டால் மறுபடியும் ஓடுகிறது. நீர் மணலை ஒட்டச் செய்கிறதா, ஓடச் செய்கிறதா?" என்று வினவினான். "ஈரமணலில் நீர் பசைபோலத் தொழிற்படுகிறது" என்று விடை பகர்ந்தேன். "அப்படியானாற் பசை கூடக்கூட நன்றாக ஒட்டவேண்டும் அல்லவா, சேர்?" என்றான். மணி அடித்தது, நான் தப்பினேன்.

தப்பினேனேயன்றி விடை கூறினேனல்லேன். அம்மாணவன் இப்பொழுது நம் பழைய மாணவருள் ஒருவன். அன்று அவனுக்குக் கடன்பட்ட விடையைத் தேடிப் புறப்பட்ட எனக்கு, அக்கேள்வி மணலோடு நில்லாது, பூச்சு மை, கொக்கோ, மட்பாண்டக் குழம்பு, மலைச்சரிவு என எங்கெங்கோ அழைத்துச் சென்றது. அவ்வழியிற் கண்டவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

எனது தவறு எங்கே தொடங்கியது? பெயரிலேயே தொடங்கியது எனலாம். "மயிர்த்துளைத்தன்மை" என்ற சொல்லைக் கேட்டவுடன், மயிர்போன்ற துளையுடைய குழாய் ஒன்றே நம் மனத்தில் எழுகின்றது. பாடநூல்களும் குழாயை வரைந்து காட்டி, நீர் ஏறும் உயரத்துக்கு ஒரு சூத்திரத்தைத் தந்து, அவ்வளவில் விட்டுவிடுகின்றன. உண்மையில் அங்கே குழாய் இன்றியமையாதது அன்று. வேண்டியவை இரண்டே: ஒன்று ஒடுங்கிய இடைவெளி, மற்றது, ஒன்றோடொன்று கலவாத இரு பாய்பொருள்களின் இடையே அமைந்த பரப்பு. காற்றும் நீரும் அத்தகைய ஒரு சோடி; எண்ணெயும் நீரும் இன்னொரு சோடி. இங்கிலாந்தில் தோமஸ் யங் 1805 ஆம் ஆண்டிலும், பிரான்சில் லப்பிளாசு அதற்கு அடுத்த ஆண்டிலும் காட்டியது யாதெனில், அத்தகைய பரப்பு வளைந்திருக்குமாயின் அதன் இரு பக்கத்து அமுக்கங்களும் சமமாக இரா என்பதே. வளைவு எத்துணைக் கூர்மையானதோ, அமுக்க வேறுபாடும் அத்துணைப் பெரிது.

இப்பொழுது இரு மணல்மணிகள் ஒன்றையொன்று தொட்டு நிற்பனவாகக் கொள்வோம். அவை தொடும் இடத்தில் ஒரு சிறுதுளி நீர் தங்குகின்றது. நீர் மணலை நன்கு நனைக்கும் இயல்புடையதாதலால், அத்துளி இரு மணிகளிலும் பரவி, நடுவில் இடை சிறுத்த உடுக்கையின் வடிவத்தைப் பெறுகின்றது. இதனை நீர்ப்பாலம் என்று அழைப்போம். அப்பாலத்தின் பக்கப்பரப்பு உட்குழிந்திருத்தலால், உள்ளே உள்ள நீரின் அமுக்கம் வெளியே உள்ள காற்றின் அமுக்கத்திலுங் குறைகின்றது. அதனால் இரு மணிகளும் உள்நோக்கி இழுக்கப்படுகின்றன. பாலத்தின் விளிம்பிலே பரப்பிழுவிசை இழுக்கும் இழுப்பும் அதனுடன் சேர்கின்றது. இவ்விரண்டின் கூட்டே மணல்வீட்டைத் தாங்கும் விசை. இதிற் பசை என்பது எதுவும் இல்லை.

இவ்விசையைக் கணித்தவர்களின் வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் றொதாம்ஸ்ரெட் என்னும் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், உழுத மண் ஏன் கட்டியாக நிற்கிறது என்பதை ஆராய்ந்த ஹெயின்ஸ் என்பவர் 1925 ஆம் ஆண்டில் மணிகளுக்கிடையேயான நீர்ப்பாலங்களைப் பற்றி எழுதினார். அவர் தந்த சூத்திரங்களில் இருந்த பிழையை அடுத்த ஆண்டே திருத்தி வெளியிட்டவர், அதே நிலையத்திற் பணிபுரிந்த பிஷர். புள்ளிவிவரவியல் பயிலும் மாணவர் நன்கறிந்த அதே பிஷர்தான். விளைச்சற் கணக்குகளுக்காக அமர்த்தப்பட்ட கணித அறிஞர் மண்ணின் ஈரத்திலும் கைவைத்தார் என்பது, பாடங்களுக்கிடையே வேலி போட்டுப் படிப்பிக்கும் எம்போன்றோர் கவனிக்கத்தக்கது.

ஒரே ஆரையுடைய இரு கோளங்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க, அவற்றை நீர் முழுமையாக நனைக்குமாயின், சிறிய பாலமொன்றின் இழுவிசை ஏறத்தாழ ஆரையை நீரின் பரப்பிழுவிசையாலும் 2 பை என்னும் எண்ணாலும் பெருக்கிவரும் அளவாகும். இச்சூத்திரத்தில் இல்லாத ஒன்றை வாசகர் கவனித்திருப்பர்: பாலத்தில் உள்ள நீரின் அளவு அதில் இல்லை! நீர் சிறிது கூடினாற் பாலம் அகல்கின்றது; ஆனால் வளைவு மழுங்கி அமுக்கக் குறைவுஞ் சிறுக்கின்றது. ஒன்று கூட மற்றது குறைய, விசை ஏறக்குறைய மாறாது நிற்கின்றது. அமெரிக்காவின் நோத்தர் டேம் பல்கலைக்கழகத்தார் 1997 இற் செய்த பரிசோதனையில், மணிகளின்மேல் மிக நுண்ணிய திரவப் படலம் ஒன்று இருந்தாலே குவியலின் சாய்வுக்கோணம் பெரிதும் உயர்வதைக் கண்டனர். ஜேர்மனியிற் கேற்றிங்கன் நகர ஆய்வாளர் 2008 இல் ஈரமணிக் குவியலின் உட்பகுதியை எக்ஸ் கதிர்களாற் படம்பிடித்து, நீரின் அளவு பெரிதும் மாறினும் குவியலின் உறுதி அதிகம் மாறாமை ஏன் என்பதையும் விளக்கினர். கடற்கரையில் மணல்வீடு கட்டும் சிறுவர் நீரை அளந்து ஊற்றுவதில்லை; அளக்கவேண்டிய தேவையும் இல்லை.

விசையின் பருமனையும் ஒருமுறை கணித்துப் பார்த்தல் நன்று. மாணவர் தாமே செய்து பார்க்கலாம். நீரின் பரப்பிழுவிசை மீற்றருக்கு 0.072 நியூற்றன். மணல்மணியின் ஆரை 0.05 மில்லிமீற்றர் எனக் கொண்டால், பாலத்தின் இழுவிசை அம்மணியின் நிறையைப்போல ஏறத்தாழ 1,600 மடங்காகின்றது. ஆரை பத்து மடங்கானால் விசையும் பத்து மடங்கே ஆகின்றது; நிறையோ ஆயிரம் மடங்காகின்றது. எனவே அரை மில்லிமீற்றர் ஆரையுள்ள பருமணலில் அவ்விகிதம் 16 ஆகக் குறைகின்றது. ஐந்து மில்லிமீற்றர் ஆரையுள்ள கூழாங்கல்லில், இழுவிசை நிறையில் ஆறிலொரு பங்குதான். ஈரக் கூழாங்கற்களைக் கொண்டு எவரும் கோட்டை கட்டாமைக்குக் காரணம் இதுவே. மெய்யான மணி கோளமன்று. அதன் முகம் கரடுமுரடானது. ஆகவே உண்மை விசை இக்கணக்கிலுங் குறையும். ஆயினும் போக்கு மாறாது: மணி நுண்ணிதாக ஆக, நிறை தோற்று மயிர்த்துளை விசை வெல்கின்றது.

நீர் மேன்மேலுங் கூடினால் யாது நிகழும்? இதனை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. அடுக்களைக்குட் சென்றாற் போதும். பிட்டுக்கு மாக் குழைப்பதைப் பார்த்தவர்கள் இதனை அறிவர். உலர்ந்த மா விரலிடுக்கில் ஓடும். கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறும்போது மா உதிரியாகத் திரள்கின்றது. அதைச் சுண்டினாற் கொத்தினால் நல்ல குறுணியாகி நீற்றுப்பெட்டிக்குத் தயாராகின்றது. இது தனித்தனிப் பாலங்களின் நிலை. (சுடுநீரில் மாப்பொருள் பொங்கி ஒட்டும் இயல்பும் இங்கே சேர்ந்து வேலைசெய்கின்றது என்பதை மறைத்தல் நேர்மையன்று.) இன்னுஞ் சிறிது நீர் கூடினால் அயற் பாலங்கள் ஒன்றோடொன்று இணைகின்றன, உதிரித்தன்மை போய் மா முழுதும் ஒரே பிண்டமாகின்றது. பிறகு இடைவெளிகள் யாவும் நீரால் நிரம்பி, வெளிப்புறத்தில் மாத்திரமே காற்றுடன் பரப்பு எஞ்சுகின்றது. இதற்கு மேலும் ஊற்றினால் அப்பரப்பும் போய்க் கரைசல்போல ஓடும் கூழாகின்றது. என் தாயார் இந்நிலைகளுக்குப் பெயர் வைத்தாரல்லர். ஆனால் ஒரு கைப்பிடி மாவைப் பொத்திப் பிடித்துப் பார்த்தே, இன்னும் எவ்வளவு நீர் கொள்ளும் என்பதைத் தவறாது சொல்வார்.

ஆக, பின்வரிசை மாணவனுக்குரிய விடை இதுதான்: ஒட்டச் செய்வது நீர் அன்று, நீருக்குங் காற்றுக்கும் இடையில் உள்ள வளைந்த பரப்பே. நீர் சிறிதாயின் அத்தகைய பரப்புகள் எண்ணிலடங்காதன. வாளிக்குள் அப்பரப்பே இல்லை. பரப்பு மறைந்தவுடன் விசையும் மறைகின்றது.

மணல்வீட்டில் விளையாட்டாக இருக்கும் இவ்வுண்மை மலைநாட்டில் உயிர்ப் பிரச்சினையாகின்றது. செங்குத்தான சரிவிலே, நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலுள்ள ஈரமண் நிற்பதற்கு அதன் மணிகளின் உராய்வோடு மயிர்த்துளை இழுவிசையும் துணைநிற்கின்றது. நாட்கணக்கில் மழை பெய்து நீர் உள்ளிறங்கும்போது இடைவெளிகள் நிரம்புகின்றன, இழுவிசை தளர்கின்றது, பின்னர் நீரின் அமுக்கமே மணிகளை ஒன்றிலிருந்தொன்று தள்ளத் தொடங்குகின்றது. நேற்றுவரை திண்மம்போல் நின்ற மண் இன்று திரவம்போல் ஓடுகின்றது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அண்மையில் உள்ள மீரியபெத்தைத் தோட்டத்திலே தொழிலாளரின் லயன் குடியிருப்புகள் சேற்றிற் புதையுண்டதை நாம் மறந்துவிடவில்லை. 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் மலை சரிந்தது. சரிவுகளுக்குப் பாறையமைப்பு, நீர் வடியும் வழி, நிலத்தைப் பயன்படுத்தும் முறை எனப் பல காரணங்கள் உள; மயிர்த்துளை விசை அவற்றுள் ஒன்றே. ஆயினும் "இத்தனை காலமும் நின்ற மலைதானே" என்று கூறுவோருக்கு ஒன்று சொல்லவேண்டும்: அதனை நிற்கவைத்த விசைகளுள் ஒன்று, மழை நீடித்தால் இல்லாமற் போகும் விசை.

இது நிற்க. இதுவரை கூறியவற்றில் துணிக்கைகளைச் சூழ்ந்திருந்தது காற்று. துணிக்கைகள் ஏற்கெனவே ஒரு திரவத்துள் தொங்கிக்கொண்டிருந்தால்? பூச்சு மை என்பது எண்ணெயிலோ நீரிலோ தொங்கும் நிறப்பொடி. உருகிய சொக்கிலேற்று என்பது கொக்கோக் கொழுப்பிலே தொங்கும் சீனியும் கொக்கோத் தூளும். இத்தகையவற்றைத் தொங்கல்கள் என்கிறோம். இவை எவ்வாறு ஓடும் என்பதை முதன்முதலிற் கணித்தவர் ஐன்ஸ்டைன். 1906 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கணக்கில் ஒரு பிழை இருந்தது. 1911 இல் திருத்தியபின் கிடைத்த முடிபு, ஐதான தொங்கலில் துணிக்கைகள் கனவளவில் நூற்றுக்கு ஒரு வீதம் இருந்தால் அதன் பிசுக்குமை நூற்றுக்கு இரண்டரை வீதம் கூடும் என்பது. (ஐன்ஸ்டைனுக்கும் கணக்குப் பிழைத்தது என்று கூறினால் வகுப்பில் ஒரு மகிழ்ச்சி பரவும்; கூறிப் பாருங்கள்.) துணிக்கைகள் மிகுந்தால் இத்தகைய எளிய விகிதம் பொருந்தாது. ஒழுங்கின்றி அடுக்கிய சம கோளங்கள் இடத்தில் ஏறத்தாழ 64 வீதத்தைக் கொள்ளும். அவ்வெல்லையை நெருங்கும்போது தொங்கல் ஓட்டத்தையே இழக்கின்றது. எனவே தொங்கலைத் தடிப்பாக்க வேண்டுமாயிற் பொடியைக் கூட்டு, இளக்க வேண்டுமாயின் திரவத்தைக் கூட்டு என்பதே வழக்கமான அறிவு.

இவ்வறிவு பொய்க்கும் இடம் ஒன்று உண்டு. தொங்கலின் திரவத்தோடு கலவாத வேறொரு திரவத்தை, துளியளவாகச் சேர்க்கும் இடம் அது. கண்ணாடிக் கோளங்களைக் கொண்ட தொங்கல்களில் இரண்டாவது திரவம் ஒன்று திரட்சியை உண்டாக்குவதைக் காவோ, நீல்சன், ஹில் என்போர் 1975 இலேயே ஆராய்ந்து எழுதினர். ஆனால் அஃது ஏதோ சில பொருள்களின் தனிக்குணம் அன்று, பொதுவான நிகழ்ச்சி என்பதைத் தெளிவாக நிலைநாட்டியவர்கள் ஜேர்மனியிற் கார்ல்ஸ்ரூ தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த எரின் கூஸ் அம்மையாரும் நோர்பேர்ட் வில்லன்பாகரும் ஆவர். 2011 ஆம் ஆண்டில் "சயன்ஸ்" இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் சாரம்: நூற்றுக்கு ஒரு வீதத்துக்குங் குறைவான இரண்டாந் திரவத்தைச் சேர்த்தாலே, ஊற்றக்கூடிய தொங்கல் கரண்டியை நிமிர்த்தி நிறுத்தத்தக்க களியாக மாறலாம். பொடி கூட்டப்படவில்லை, கூட்டப்பட்டது திரவமே. ஓடத் தொடங்குவதற்கு வேண்டிய தகைப்போ பன்மடங்காகின்றது.

காரணத்தை வாசகர் இதற்குள் ஊகித்திருப்பர். மணலில் காற்று இருந்த இடத்தில் இங்கே எண்ணெய் இருக்கின்றது. நீர் துணிக்கையை எண்ணெயிலும் நன்கு நனைக்குமாயின், துணிக்கைகள் தொடும் இடங்களிற் சென்று தங்கி, நாம் முன்பு கண்ட பாலங்களை அமைக்கின்றது. எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான இழுவிசை, காற்றுக்கும் நீருக்கும் இடையிலானதிற் பாதிக்குங் குறைவாக இருக்கலாம். ஆனால் துணிக்கைகள் மிக நுண்ணியவை ஆதலால் அதுவே போதும். பாலங்கள் துணிக்கையோடு துணிக்கையைக் கோத்து, பாத்திரத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை வலையொன்றைப் பின்னுகின்றன. எண்ணெய் அவ்வலையின் கண்களுக்குள் அகப்பட்டு நிற்கின்றது.

இவ்வளவும் எதிர்பார்க்கக்கூடியதே. எனக்கு வியப்பளித்தது மற்றப் பகுதி. சேர்க்கப்படும் திரவம் துணிக்கையை நன்றாக நனைக்காததாயினும் தொங்கல் இறுகவே செய்கின்றது! பாலம் அமைக்க விரும்பாத திரவம் எவ்வாறு பிணைக்கும்? அங்கே துளி நடுவில் நிற்க, சில துணிக்கைகள் அதனைச் சுற்றி நெருங்கிச் சிறு கொத்தாகின்றன. வெறுப்புக்குரிய துளி எண்ணெயோடு கொண்டுள்ள பரப்பைச் சுருக்கிக்கொள்ளும் முயற்சியே துணிக்கைகளைக் கொத்தாகக் கட்டிவைக்கின்றது. கொத்துகள் பின்னர் ஒன்றோடொன்று இணைந்து வலையாகின்றன. இவ்விருவகைத் தொங்கல்களையும் மயிர்த்துளைத் தொங்கல்கள் என்று சொல்லலாம்.

இவற்றை விசையோடு கலக்கினால் பாலங்கள் அறுந்து இளகும். கலக்குவதை நிறுத்தினால் மீண்டும் இறுகும். பரப்பிழுவிசையைக் குறைக்கும் பொருளொன்றைச் சேர்த்தால் வலை தளரும். இப்பண்புகளை அறிந்தபின் பயன்களைத் தேடுவோர் பெருகினர். கொக்கோத் தூளை எண்ணெயில் இட்டுச் சிறிது நீராற் கட்டி நிறுத்தினால், வெப்பத்தில் எளிதில் உருகாத பண்டங்களைச் செய்யலாம் என ஆராய்ந்துள்ளனர். அலுமினிய ஒட்சைட்டுப் பொடி போன்றவற்றை இவ்வாறு கட்டி, எண்ணெயை நீக்கிச் சூளையிற் சுட்டால், பாதிக்கு மேல் வெற்றிடமும் மிக நுண்ணிய துளைகளும் கொண்ட ஓடு கிடைக்கின்றது. வடிகட்டிகளுக்கு உகந்தது அது. சூரிய மின்கலங்களின் முகத்தில் மெல்லிய வெள்ளிக் கோடுகளை அச்சிடும் பசைகளிலும் இம்முறையைக் கையாண்டு பார்த்திருக்கின்றனர். வேறு தடிப்பாக்கும் பொருள் எதையுங் கலவாது தடிப்பாக்கலாம் என்பதே இவற்றின் சிறப்பு.

சொக்கிலேற்றை உருக்கிப் பழகியவர்கள் இதன் தீய பக்கத்தையும் அறிவர். உருகிய சொக்கிலேற்றில் இரண்டொரு துளி நீர் தெறித்தால் அது உடனே திரைந்து கரடாகிவிடும். நீரை நாடும் சீனிமணிகள் அத்துளிகளைப் பற்றிக்கொண்டு பாகாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். அவ்வாறு திரைந்ததை இளக்கவேண்டுமாயின், அஞ்சாமல் மேலும் நீரோ பாலோ ஊற்றவேண்டும். வாளி மணலின் கதை மீண்டும் இங்கே வருகின்றது.

படித்ததை மாணவர்முன் செய்து காட்டாமல் எனக்கு மனம் அமையவில்லை. கடையில் விற்கும் சோளமாவைத் தேங்காயெண்ணெயிற் கரைத்து, தாராளமாக ஊற்றக்கூடிய பதத்தில் இரு போத்தல்களை ஆயத்தஞ் செய்தோம். ஒன்றிலே நீரைச் சொட்டினேன். முதல்முறை தோல்வி, நீர் அடியிற் சென்று ஒரு மா உருண்டையாகிவிட்டது, எண்ணெய் முன்போலவே ஓடியது. வகுப்புச் சிரித்தது. துளி நுணுகிப் பரவவேண்டும் என்பதை மறந்திருந்தேன். புதிதாகக் கரைத்து, துளித்துளியாக விட்டு, ஒருவர் கை சலிக்க மற்றவர் வாங்கி வேகமாக அடித்தனர். முதற் சில துளிகளுக்கு மாற்றமில்லை; மா தானே சிறிது நீரைக் குடித்திருக்கலாம். பிறகு, மேலும் சில துளிகளில், கரண்டி திடீரெனக் கனத்தது. போத்தலைக் கவிழ்த்தோம், விழவில்லை. "தண்ணீர் விட்டதும் இறுகிவிட்டதே, சேர்" என்றாள் முன்வரிசை மாணவி ஒருத்தி. இம்முறை நான் பசை என்ற சொல்லை எடுக்கவில்லை.

இரு போத்தல்களையும் விஞ்ஞானகூடத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். மறுநாட் காலையிற் திறந்தபோது, நீர் விடாத போத்தலில் மா முழுவதும் அடியிற் படிந்து, மேலே தெளிந்த எண்ணெய் நின்றது. நீர் விட்ட போத்தல் முதல்நாள் வைத்தபடியே இருந்தது. அதில் ஒரு துளி திரவச் சவர்க்காரத்தை விட்டுக் கலக்கினால் என்ன ஆகும் என்று ஒருவன் கேட்டான். அடுத்த வாரத்துச் செய்முறைப் பாடத்துக்கு அதனையே வைத்துள்ளோம்.